முதலில் பச்சை, பிறகு கொதி

என் வீட்டுக்காரரின் வலது கால் இன்றைக்கும் அவரோடுதான் இருக்கிறது. ஐந்து விரல்களும் ஒழுங்காக இருக்கின்றன. காலையில் எழும்பியதும் நான் முதலில் பார்ப்பது அந்தக் காலைத்தான், சாமிப்படம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அது போகப் பார்த்தது என்பதை எங்களுக்குக் காட்டித் தந்தது ஒரு பழைய கரவனின் சுடுதண்ணீர். இதை எழுதும்போதும் இடையில் எழும்பிப் போய் அந்தக் காலை ஒருதரம் பார்த்துவிட்டு வந்தேன். நான் சின்ன விஷயத்துக்கெல்லாம் பயப்படுகிறவள் இல்லை, கத்துகிறவள்.

அவர் மெல்பேர்னில் இருபத்தேழு வருடம் பஸ் ஓட்டினார். எங்கள் வீடு அதன் புறநகர் வெரிபீயில். ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே கரவன், கரவன் என்று தொடங்கிவிட்டார். காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போகிற வீடு அது. உள்ளே கட்டில், குசினி, ஷவர், ரொய்லெட் எல்லாம் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கும். வாழ்நாளெல்லாம் ஆட்களை ஏற்றி இறக்கிய மனிதருக்கு, இனி ஒருவரையும் ஏற்றாமல் ஓடவேண்டும் என்று ஆசை. முதலில் சிட்னிக்குப் போய் மேய்ஸ் ஹில் முருகனைக் கும்பிடுவது, பிறகு அப்படியே குளிர் இல்லாத வடக்குப் பக்கம் போவது என்பது திட்டம்.

"வெரிபீயில நாலு அறை வீடு கிடக்க, நான் ஏன் ஒரு தகரப்பெட்டிக்குள்ள போய்ப் படுக்கோணும்?" என்று கேட்டேன்.

அவரோ ஓய்வு பெற்ற அடுத்த சனிக்கிழமை ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியிடமிருந்து கரவனை வாங்கிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். பஸ் ஓட்டுகிறவரோடு சண்டை பிடிக்க முடியாது. ஹோர்ன் அடித்தாலும் திட்டினாலும் தன் பாட்டில் போவார்.

நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். எனக்குப் பச்சைத்தண்ணி ஆகாது. விடிய ஐந்து மணிக்குச் சுடுதண்ணியில் குளிக்காவிட்டால் என் முழங்கால் அன்று முழுக்க என்னோடு கதைக்காது. "ஏழு நாள் தொடர்ந்து இதில ஒழுங்கா சுடுதண்ணி வரட்டும். அதுக்குப் பிறகு நான் வாறன்" என்றேன்.

"ஓம், ஏழு நாள்தானே" என்றார் அவர். இரண்டு மாதமாகியும் அந்த ஏழு நாள் வரவில்லை.

இடையில் ஒன்றைச் சொல்லவேண்டும். அவருக்குப் பதினொரு வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. நான் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காலையிலிருந்து மத்தியானம் வரை ஊசியும் குப்பியுமாக மற்றவர்களின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. அவருடைய இரத்தத்தையும் மூன்று மாதத்துக்கு ஒருதரம் நானே எடுப்பேன். முடிவு வரும். கொஞ்சம் கூடியிருந்தால் சோற்றைக் குறைப்பேன், ஏச்சைக் கூட்டுவேன். அவருடைய சீனியின் அளவு எனக்கு மனப்பாடம். காலைக் கவனித்துக்கொள்ளச் சொல்லி டொக்டர் ஒவ்வொரு முறையும் சொல்வார். நாங்களும் தலையாட்டிவிட்டு வருவோம். அவர் தினமும் கால் கழுவுகிறார், செருப்புப் போடுகிறார், இதற்குமேல் காலில் கவனிக்க என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

கரவனில் அவர் செய்த முதல் திருத்த வேலை சுடுதண்ணீரில் இல்லை, ரொய்லெட்டில். துடைக்கிற கடதாசியோடு மாதக்கணக்கில் இருக்க முடியாது என்பதில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. வீட்டில் இருப்பதுபோல, பிடியை அமுக்கினால் தண்ணீர் பீச்சுகிற கைக்குழாய் ஒன்றை வாங்கிவந்து பூட்டினார். வீட்டில் உள்ளதில் பச்சைத்தண்ணி மட்டும்தான் வரும். ஆடி மாதத்து வெரிபீக் குளிரில் அதைப் பாவித்தால் உயிர் போய் வரும். அதனால் இதை அவர் விசேஷமாகச் செய்தார். சுடுதண்ணிக் குழாயிலிருந்து ஒரு கிளை, பச்சைத்தண்ணிக் குழாயிலிருந்து ஒரு கிளை, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னத் திருகு, இரண்டும் சேர்ந்து ஒரே குழாயில் வரும். இரண்டு திருகையும் அளவாகத் திறந்து வைத்துவிட்டால், பிடியை அமுக்கியதும் இதமான சூட்டில் தண்ணீர் வரும். பிடியை விட்டால் நின்றுவிடும். பிறகு திருகை யார் மூடப் போகிறார்கள்?

முதல்தரம் பாவித்துவிட்டு வந்து நான் அவரை மெச்சினேன். முப்பத்தொரு வருடக் கலியாணத்தில் நான் அவரை மெச்சிய நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணலாம். அவர் அன்று முழுக்க ஒரு இஞ்சினியரைப்போல நடந்து திரிந்தார்.

அதற்குப் பிறகு, அந்த ஏழு நாளை எண்ணுவதற்காக, நாங்கள் தினமும் பின்னேரம் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, சொந்த வீட்டின் நல்ல குளியலறையை விட்டுவிட்டு, வாசலில் நின்ற கரவனுக்குள் போய்க் குளிக்கத் தொடங்கினோம். எதிர்வீட்டுக்காரி முதல் வாரம் சிரித்தாள். இரண்டாவது வாரம், வீட்டில் பைப் ஏதும் உடைந்துவிட்டதா, வேண்டுமானால் தன் வீட்டில் வந்து குளிக்கலாமே என்று கேட்டாள்.

சுடுதண்ணீர் எங்களை வைத்து விளையாடியது. ஒரு நாள் நன்றாக வரும். அடுத்த நாள் இளஞ்சூட்டோடு நின்றுவிடும். சில நாள் சவர்க்காரம் போட்டு முடிவதற்குள் குளிர்ந்துவிடும். சில நாள் திடீரென்று கொதிக்கும். தமிழ்க் கடையில் தந்த நாட்காட்டி ஒன்றைக் கரவனின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி, குளித்து வந்ததும் அன்றைய தாளில் எழுதிவைத்தோம். என் பக்கத்தில் "சூடு", "இளஞ்சூடு", "பச்சை", "சூடு, பச்சை, சூடு" என்று மாறி மாறி இருக்கும். அவருடைய பக்கத்தில் அநேகமாக ஒன்றுதான் இருக்கும்: "முதலில் பச்சை, பிறகு கொதி."

அவர் குளிக்கிற முறை அப்படி. எங்கள் ஆட்கள் பலரும் அப்படித்தான் குளிக்கிறவர்கள். முதலில் காலில் தண்ணீர் ஊற்றவேண்டும், பிறகு மெல்ல மெல்ல மேலே வரவேண்டும், தலை கடைசியில்தான். நேரே தலையில் ஊற்றினால் உடம்பு திடுக்கிடும் என்று சின்ன வயதிலேயே பழக்கிவிடுவார்கள். அவர் ஷவரைக் கையில் கழற்றி எடுத்து, காலில் பிடித்துக்கொண்டு, சூடு வரும்வரை நிற்பார். சூடு வரவில்லை என்றால் சுடுதண்ணியை இன்னும் திறப்பார். சரி என்று தோன்றி மேலே கொண்டுபோனால், "ஐயோ, கொதிக்குது!" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

"காலில இருந்து முதுகுக்குப் போறதுக்குள்ள தண்ணி எப்பிடியப்பா கொதிக்கும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுதானே எனக்கும் விளங்கேல்லை" என்றார் அவர்.

அந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன். என் வாயாலேயே கேட்டேன். பிறகு போய்ச் சோற்றுக்கு உலை வைத்தேன்.

அவர் ஒவ்வொன்றாகத் தேடினார். முதலில் காஸ் சிலிண்டரில் சந்தேகப்பட்டு மாற்றினார். பிறகு கட்டிலைத் தூக்கி, கீழே இருந்த சுடுதண்ணித் தாங்கியைக் கழுவினார். உள்ளேயிருந்து சுண்ணாம்புபோல வெள்ளை வெள்ளையாக வந்தது. இதுதான் காரணம் என்று துள்ளினார். அன்று பின்னேரமும் "முதலில் பச்சை, பிறகு கொதி" என்றுதான் எழுதினார். பிறகு பம்ப்பை மாற்றினார். காஸை நிறுத்திவிட்டுக் கரண்டில் சூடாக்கிப் பார்த்தார். கையேட்டுப் படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு ஆணியாகக் கழற்றிப் பூட்டினார். அவர் பொறுமைசாலி. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தகரப்பெட்டியை வாங்கிய இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள் என்று ஒரு நாள் கத்தியும் விட்டேன்.

கடைசியில் கோயிலில் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு திருத்துகிறவரைக் கூப்பிட்டோம். அவர் இராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும். மெல்பேர்னின் மறுபக்கம் டான்டினோங்கிலிருந்து ஒரு வான் வண்டியில் சாமான்களோடு வந்து கரவன்களைத் திருத்திக் கொடுக்கிறவர். வந்து, நாட்காட்டியைப் படித்துச் சிரித்தார். குழாய்களைத் தடவிக்கொண்டே போனார். ரொய்லெட்டுக்குள் தலையை விட்டவர் அப்படியே நின்றார்.

"இத யாரும்மா போட்டது?"

"நாங்கள்தான்" என்றேன். வெளியே நின்ற என் வீட்டுக்காரருக்குக் காது சிவந்துவிட்டது.

"வெக்கப்படாதீங்க சார். என் வீட்லயும் இருக்கு, இது இல்லாம நமக்கு ஆகாது" என்று அவர் சிரித்தார். "ஆனா ரெண்டு திருகையும் தொறந்தே போட்டிருக்கீங்களே. பிடிய விட்டா வெளிய வர்றதுதான் நிக்கும். உள்ள ரெண்டு தண்ணியும் ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டே இருக்கும். ஷவர்ல சுடுதண்ணி தொறந்தா, பச்சத் தண்ணி இந்த வழியா அதுக்குள்ள ஏறிடும். அந்த நேரம் பாத்து கிச்சன்ல யாராவது பச்சத் தண்ணிய தொறந்தா, இங்க பச்சத் தண்ணி அழுத்தம் கொறஞ்சு ஷவர் கொதிக்கும். வெள்ளக்காரன் கரவன்ல இந்தக் கம்ப்ளைன்ட் வரவே வராது. அவனுக்குக் காகிதம் போதும்."

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு எல்லாம் பொருந்தியது. என் வீட்டுக்காரர் குளிக்கும்போது நான் கரவன் குசினியில் அரிசி கழுவுவேன், அவருக்கு உள்ளே கொதிக்கும். இரண்டு மாத மர்மம், காஸ், தாங்கி, பம்ப் என்று அவர் கழற்றிய அத்தனையும், நாங்கள் கழுவுகிற குழாயில் வந்து முடிந்துவிட்டது. எனக்கு அதிர்ச்சிதான். ஆனால் அது சிரிக்கக்கூடிய அதிர்ச்சி.

திருத்துகிறவர் சுடுதண்ணிக் கிளையைக் கழற்றி அடைத்தார். கைக்குழாய்க்கு இனிப் பச்சைத்தண்ணி மட்டும்தான். போகும்போது என்னிடம், "இனிமே ஹீட்டர்ல இருக்கிற சூடு கலக்காம அப்படியே வரும்மா. கை வைக்க முடியாது. முதல்ல பச்சத் தண்ணிய தொறந்துட்டு, அப்புறமா சுடுதண்ணிய கொஞ்சம் கொஞ்சமா தொறங்க" என்றார். என் வீட்டுக்காரர் அப்போது முற்றத்தில் ஹோஸைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் தலையாட்டினேன். பிறகு அதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

அன்று பின்னேரம், "முதல் குளிப்பு உங்களுக்குத்தான்" என்றேன். அவர் புதுத் துவாயோடு உள்ளே போனார். நான் கரவன் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தேன். இனிப் பயணம் போகவேண்டியதுதான், வேறு சாட்டு இல்லை என்று கொஞ்சம் கவலையும் கொஞ்சம் சந்தோசமுமாக நின்றேன்.

"இஞ்சரும்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார். "இன்னும் பச்சைத்தண்ணிதான் வருது."

"கொஞ்ச நேரம் விடுங்கோ."

"விட்டுக்கொண்டுதான் நிக்கிறன். முழுக்கத் திறந்திட்டன். சூடே வரேல்லை."

எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது. திருத்திவிட்டுப் போய் மூன்று மணித்தியாலம் ஆகவில்லை. அந்த இடத்திலேயே ஃபோனை எடுத்து அடித்தேன்.

"தம்பி, இதுதானோ நீங்கள் திருத்தின வடிவு? இவர் உள்ளுக்க நிண்டு விறைக்கிறார்."

"அப்படி வராதேம்மா" என்றார் அவர் அமைதியாக. "ஒரு நிமிஷம். கிச்சன் சுடுதண்ணி பைப்ப தொறந்து கை வச்சுப் பாருங்க. மெதுவா."

நான் கோபத்தில் ஒரேயடியாகத் திறந்து விரலை நீட்டினேன். ஐயோ என்று கத்திக்கொண்டு கையை இழுத்துக்கொண்டேன்.

"என்னம்மா?"

"கொதிக்குது."

பிறகு அவர் கேட்டார், "சார் தண்ணிய எதுல பாக்குறாரு? கையிலயா, கால்லயா?"

"காலில."

"சாருக்கு சுகர் இருக்காம்மா?"

நான் ஷவர்க் கதவைப் பார்த்தேன். கதவின் மேல் இடுக்கால் வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது. சோறு வடிக்கும்போது வருவதுபோல அடர்த்தியான ஆவி. யன்னல் கண்ணாடியெல்லாம் புகைந்திருந்தது. அந்த ஆவிக்குள்ளிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது, "அந்தத் தம்பியைக் கேளும், இன்னும் எவ்வளவு நேரம் விடோணும் எண்டு."

"வெளிய வரச் சொல்லுங்க!" என்று ஃபோன் கத்தியது.

நான் கதவை இழுத்துத் திறந்தேன். அவர் துவாயை இடுப்பில் கட்டியபடி, ஷவரை வலது காலுக்கு நேரே பிடித்துக்கொண்டு, பஸ்சுக்குக் காத்து நிற்கிறவர்போல நின்றார். புறங்கால் முழுவதும் சிவந்து, தோல் மினுங்கியது. "பாரும், இன்னும் பச்சைதான்" என்றார். நான் ஷவரைப் பறித்தேன். தண்ணீர் என் மணிக்கட்டில் பட்டது. நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். அவர் பயந்தது என்னைப் பார்த்துத்தான். தண்ணீர் அவருக்குச் சுடவேயில்லை.

எனக்குக் கை கால் ஓடவில்லை. பிறகு ஓடியது. அவரை இழுத்துக்கொண்டு போய் முற்றத்தில் கதிரையில் இருத்தி, தோட்டத்து ஹோஸைக் காலில் பிடித்தேன். இருபது நிமிடம் குளிர்தண்ணி விடவேண்டும் என்பது எனக்குத் தெரியும், வேலையில் படித்திருக்கிறேன். ஆடிக் குளிரில் துவாயோடு இருந்தவருக்கு எதிர்வீட்டுக்காரி ஓடிவந்து ஒரு போர்வை போட்டாள். என் கண் முன்னாலேயே அவருடைய காலில் கொப்புளம் எழும்பியது. ஒரு தோசைக்கரண்டி அகலத்துக்கு எழும்பியது.

"நோகேல்லையப்பா" என்று அவர் என்னைத் தேற்றினார். "உண்மையா நோகேல்லை. நீர் ஏன் அழுறீர்?"

நோகவில்லை என்பதால்தான் அழுதேன். நொந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் தாதி, பத்துக்கு எவ்வளவு நோகிறது என்று கேட்டாள். "சீரோ" என்றார் இவர், பரீட்சையில் நல்ல புள்ளி வாங்கியவர்போல. தாதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். முடிவு நல்லதில்லை என்றால் நானும் ஆட்களை அப்படித்தான் பார்ப்பேன்.

மகள் வேலையிலிருந்து நேரே வந்தாள். வந்ததும் கோபம்தான், அதில் அவள் என்னைப்போல. "அப்பா, வை டிட்ன்ட் யூ டெல் அஸ்?"

"எனக்குத் தெரிஞ்சாத்தானே பிள்ளை சொல்லுறதுக்கு" என்றார் அவர். பிறகு மெல்லச் சொன்னார், "கால் எப்பவும் சொக்ஸ் போட்ட மாதிரி இருக்கும். மெல்பேர்ன் குளிர் எண்டுதான் நினைச்சனான்."

காயத்துக்கு மருந்து கட்டியபிறகு கால் பார்க்கிற ஒரு பெண் வந்தாள். அவளிடம் நைலோன் நூல் ஒன்று இருந்தது, தூண்டில் நூல் மாதிரி. கண்ணை மூடச் சொன்னாள். நூல் முனை காலில் படும்போது சொல்லவேண்டும், அவ்வளவுதான். அவள் பெருவிரலில் தொட்டாள். அவர் பேசாமல் இருந்தார். உள்ளங்காலில் தொட்டாள். பேசாமல் இருந்தார். குதிக்காலில், சின்ன விரலில், நூல் வளையும்படி அமுக்கித் தொட்டாள். கண்ணை மூடியபடி ஆவலாகக் காத்துக்கொண்டிருந்தார் அவர். பிறகு, அவள் கையை எடுத்துவிட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது, "ஓம்" என்றார்.

ஒருவரும் தொடவில்லை. இவ்வளவு நேரம் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறோமே, ஒன்றாவது சரியாக இருக்கட்டும் என்று ஊகித்துச் சொல்லியிருக்கிறார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருடமாக அவருடைய கையிலிருந்து இரத்தம் எடுத்தவள் ஒருநாளாவது அந்தக் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை.

ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது, ஒவ்வொன்றும் ஒரு அடி. போன தை மாதம் த பேசின் என்கிற ஊரில் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தோம். இங்கே அது கோடை, நாற்பது பாகை வெயில். வெறுங்காலோடு வெளிவீதி சுற்றும்போது சனமெல்லாம் சீமெந்தில் கால் வைக்க முடியாமல் துள்ளியது. நானும் துள்ளினேன். இவர் மட்டும் கைகூப்பியபடி, ஒரு அவசரமும் இல்லாமல், அடிமேல் அடிவைத்து நடந்தார். ஒரு அன்ரி என்னிடம், "உங்கட அவருக்கு என்ன பக்தி!" என்றார். எனக்கு அன்று எவ்வளவு பெருமை! வீட்டுக்கு வரும் வழியில் மகளுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னேன். இப்போது அந்த அன்ரியைக் கோயிலில் கண்டால் நான் வேறு பக்கம் போய்விடுகிறேன்.

பிறகு பஸ். கடைசி வருடம் முழுக்க அந்தக் கால்தான் பிரேக்கில் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், தள்ளுவண்டிலில் குழந்தையோடு ஏறுகிற தாய்மார், எல்லாரும் பின்னால் இருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. கடவுள் புண்ணியம் என்பதைத் தவிர எனக்குச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. அவரும் அதைத்தான் நினைத்திருக்கவேண்டும். டொக்டர் சொல்ல முதலே, வீட்டுக்கு வந்ததும் கார்த் திறப்பை எடுத்து என் கைப்பையில் போட்டுவிட்டார்.

அடுத்த நாள் நான் கரவனுக்குள் போய் நாட்காட்டியைப் பார்த்தேன். முதலில் பச்சை, பிறகு கொதி. முதலில் பச்சை, பிறகு கொதி. தண்ணீர் ஒருநாளும் அப்படி மாறவில்லை. காலுக்குப் பச்சையாக இருந்த அதே தண்ணீர்தான் முதுகுக்குக் கொதித்திருக்கிறது. எல்லாம் அவருடைய கையெழுத்திலேயே தாள் தாளாக இருந்தது. நாங்கள் அதை வைத்துக்கொண்டு காஸ் சிலிண்டரை மாற்றினோம்.

இன்னொன்றும் விளங்கியது. அந்தக் கைக்குழாயின் திருகுகளை நாங்கள் திறந்தபடி விட்டதுதான் இரண்டு மாதமும் தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைத்தது. எங்கள் பிழைதான் அவருடைய காலைக் காப்பாற்றியிருக்கிறது. பிழையைத் திருத்திய அன்றைக்குத்தான் கால் வெந்தது.

திருத்துகிறவர் இரண்டு நாள் கழித்து, நாங்கள் கூப்பிடாமலே வந்தார். சூடு ஒரு அளவுக்கு மேல் போகாமல் பச்சைத்தண்ணியைக் கலந்து தருகிற வால்வு ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். நான் ஃபோனில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் குனிந்து வேலை செய்துகொண்டே சொன்னார், "எங்க அத்தாவுக்கும், அதான் அப்பாவுக்கும், சுகர்ம்மா. கால்ல ஆணி குத்தினது தெரியாம ரெண்டு நாள் வயல்ல நடந்தாரு. முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. அதான் சார் கால்ல பாக்குறாருன்னு சொன்னதும் எனக்குத் திக்குனு ஆயிடுச்சு." சீனி போடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தேன்.

கால் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. தினமும் கட்டு அவிழ்த்துக் கட்டுவேன். ஒவ்வொரு முறை அவிழ்க்கும்போதும் விரல் கறுத்திருக்குமோ என்று மூச்சைப் பிடித்துக்கொள்வேன். கறுக்கவில்லை. புறங்காலில் இப்போது வெளிறிய ஒரு பகுதி இருக்கிறது, மயிர் இல்லாமல் வழுவழுவென்று.

பயணத்துக்குக் கடைசியில் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். டொக்டர் சொல்லும்வரை அவர் ஓட்டக்கூடாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுமையான கார்ப் பார்க்குகளில் நான் கரவனை இழுத்துப் பழகினேன். பின்னுக்கு எடுக்கும்போது அவர் வெளியே நின்று கைகாட்டுவார். நான் அவரைத் திட்டுவேன், அவர் தன் பாட்டில் கைகாட்டிக்கொண்டே இருப்பார். மார்கழியில் வெளிக்கிட்டோம். அவர் பக்கத்துச் சீட்டில், இரண்டு காலிலும் தடித்த சொக்ஸ் போட்டுக்கொண்டு, இருபத்தேழு வருடத்தில் முதல்முறையாகப் பயணியாக இருந்து யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார்.

சிட்னிக்குப் போகிற வழியில் முதல் நாள் ஒரு கரவன் பார்க்கில் நின்றோம். பின்னேரம் அவர் துவாயைக் கட்டிக்கொண்டு ஷவருக்குள் போனார். வால்வு இருக்கிறது, இனிக் கொதிக்காது, எனக்குத் தெரியும். ஆனாலும் பின்னாலேயே போனேன். அவர் ஷவரைத் திறந்து, பழக்கத்தில் காலை நீட்டினார். பிறகு ஞாபகம் வந்து காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார். நான் சீலைக் கரையைச் செருகிக்கொண்டு குனிந்து தண்ணீரில் கையை வைத்தேன்.

"எப்பிடி?" என்று கேட்டார்.

"இளஞ்சூடு. இப்ப வையுங்கோ."

அவர் வைத்தார். தண்ணீர் என் கையிலும் அவருடைய காலிலும் சேர்ந்து விழுந்தது. கொஞ்ச நேரம் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம்" என்றார். "நல்ல இளஞ்சூடு."

அந்த ஓமை நான் நம்பவில்லை. அவர் குளித்து முடியும்வரை கையை அவருடைய காலுக்கு மேலேயே வைத்திருந்தேன்.